மறதியா, மனச்சோர்வா?

தோட்டத்தில் வயது போன ஒருவர் பேச்சைக் குறைத்து, சாப்பிட்டோமா இல்லையா என்பதையும் மறந்தால், "வயசுக் கோளாறு" என்று லயமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அதன்பின் அவரை வைத்தியரிடம் கொண்டுபோவார் அரிது. இத்தீர்ப்பு பல வேளைகளில் பிழையானது என்பதே நமது கருத்து.

முதியோரின் மனச்சோர்வு மறதி நோயைப் போலவே வேஷம் போடும். சொன்னது மனதில் தங்காது; குளிக்கவும் உண்ணவும் மனம் வராது. ஆனால் சோர்வு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தலைகாட்டும். மறதி நோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். சோர்வுற்றவர் "எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை" என்று தாமே முறையிடுவார். மறதி நோயாளியோ பெரும்பாலும் அதை உணர்வதில்லை, உணர்ந்தாலும் மழுப்புவார். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. மறதிக்குக் காரணம் தைரொயிட் குறையோ விற்றமின் பி12 குறையோ என்றால் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. சிலரிடம் சோர்வே மறதி நோயின் முதல் அடையாளமாக வரும். லான்செட் ஆணைக்குழு 2024இல் மறதி நோய்க்கு வழிகோலும், மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கூறியது. மனச்சோர்வு அவற்றில் ஒன்று. குறைந்த கல்வி, தனிமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, காது கேளாமை ஆகியனவும் அதில் உள்ளன. நமது லயங்களைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது!

எம் முதியவர்களுக்குச் சோர்வு வர நியாயம் இல்லாமலுமில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டார்கள். அண்ணன் கப்பலேற, தங்கை இங்கே நின்றாள். அன்று சிறுமியாக நின்றவள் இன்று பாட்டி. நாற்பது வருடம் விடியற்காலையில் பிரட்டுக்குப் போனவளின் பெயரைச் செக்ரோலிலிருந்து வெட்டியதும், அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. மகன் கொழும்பில் கடையில், மருமகள் வெளிநாட்டில்.

பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்று என்ன திகதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வசனம் எழுதுங்கள் என்று பள்ளிக்கூடத்தையே பாராதவரிடம் கேட்டால் அவர் தோற்கத்தான் செய்வார். அது மறதியல்ல. கொழுந்து நிறுத்த கிலோவை மனதில் வைத்திருந்து கணக்கப்பிள்ளையோடு வாதாடியவரிடம் சம்பள நாளையும், பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் கேட்க வேண்டும். அதுவும் தமிழில். பேரனின் அரைகுறைச் சிங்களம் வழியாக ஒரு தாயின் துக்கம் வைத்தியருக்குப் போய்ச் சேராது.

போதகர்களும் பங்குத் தந்தையரும் வீடு சந்திக்கும்போது ஜெபித்துவிட்டு எழுந்து வந்தால் போதாது. தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று கேளுங்கள். "போய்ச் சேர்ந்தால் நல்லது" என்று ஒருவர் அடிக்கடி சொன்னால் அதைக் கிழட்டுப் பேச்சென்று தள்ளாமல், அன்றைக்கே வீட்டாருக்கும் தோட்ட மருந்துச்சாலைக்கும் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்தையும் அழைக்கலாம். டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளுக்கு முதியவரைக் கூட்டிச் செல்ல, இரு மொழியும் தெரிந்த ஒரு வாலிபரை ஒவ்வொரு சபையும் நியமிக்கட்டும். பஸ் காசைக் காணிக்கையிலிருந்து கொடுக்கலாம்.