நுனியை அளந்தால் போதுமா?

“துப்பாக்கி சுடும் போட்டியில கை நடுங்காம இருந்தா போதும்தானே, அக்கா?” நம்ம தைப்பிங் தம்பி ஒருவர் நிகழ்ச்சிக்கு அழைத்துக் கேட்டார். வானொலியில் அரை நிமிடப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி 0.5 மில்லிமீட்டர். சுடும் ஈயக் குண்டோ 4.5 மில்லிமீட்டர். புள்ளியைவிடக் குண்டு ஒன்பது மடங்கு பெரிது! கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கிண்ணத்தில் தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாகக் களமிறங்கியதும் இதில்தான்.

கை உறுதி அவசியம். ஆனால் அதே கை, அதே துப்பாக்கி இருந்தும், குண்டு பொருந்தாவிட்டால் துளைகள் சிதறும். அதனால் துப்பாக்கியை அசையாமல் இறுக்கி வைத்து, 4.49, 4.50, 4.51 எனத் தலை அளவு மாறும் குண்டுகளைச் சுட்டுப் பார்த்தே தேர்வு செய்கிறார்கள்.

அமெரிக்கா போன்ற நாடுகளில், நெடுந்தூரப் போட்டியாளர்கள் பலர் தோட்டாவைத் தாங்களே தயாரிக்கிறார்கள். உறைக்குள் குண்டு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதே அங்கே பெரிய கேள்வி. நுனியிலிருந்து அளந்தால் கணக்கு தப்பும். ஒரே பெட்டியில் உள்ள குண்டுகளிலேயே நுனி கொஞ்சம் முன்பின் இருக்கும். தவிர, குழலின் உள்வரிகளை முதலில் தொடுவது நுனி அல்ல; அதற்குக் கீழே பருத்து வரும் பகுதி. ஆகவே அந்தப் பகுதியில் உட்காரும் துளையுள்ள சிறு துண்டை வெர்னியர் காலிப்பரில் பொருத்தி, உறையின் அடியிலிருந்து அதுவரை அளக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டுமே மாற்றுகிறார்கள். ஆழம் தப்பினால் அழுத்தம் ஏறி, சுடுபவருக்கே ஆபத்தாகலாம்.

இதைப் படித்துவிட்டு இணையக் கடையில் தேட வேண்டாம். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். பொட்டலத்தோடு வழக்கும் வீட்டுக்கு வரலாம். ஆர்வம் இருந்தால் முறையான சங்கத்தில் சேர்ந்து பயிற்றுநரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

அளக்கும் பாடத்துக்கு மட்டும் உரிமம் வேண்டாம். பிள்ளையின் எஸ்பிஎம் முடிவில் எத்தனை ஏ என்று எண்ணுவது, நுனியை அளப்பது போல. எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் தடுமாறினான் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். திருத்த வேண்டியது அங்கேதான் இருக்கும்.