கூச்சமுடையவர் காதலிக்க இமயமலை ஏற வேண்டுமா?

இருபதுகளில் இருக்கும் கூச்ச சுபாவமுள்ள ஒருவர், தமக்கு இதுவரை காதல் வாய்க்கவில்லை என்று யாரிடமேனும் மனம்விட்டுச் சொன்னால், இன்றைய இந்தியாவில் அவருக்குக் கிடைக்கும் மறுமொழி ஏறக்குறைய ஒன்றுதான்: "பையைத் தூக்கிக்கொண்டு தனியாக எங்கேயாவது கிளம்பு, எல்லாம் சரியாகிவிடும்." கிளம்ப வேண்டிய ஊர்களின் பட்டியலும் கூடவே வந்துவிடும்: மணாலி, கசோல், ரிஷிகேஷ், கோகர்ணம், வர்க்கலா. நண்பர்கள் சொல்வதையே பயணக் காணொளிகளும் விடுதி விளம்பரங்களும் இன்னும் உரத்த குரலில் சொல்கின்றன. அக்கறையோடு சொல்லப்படும் இந்த அறிவுரை, கூச்சத்தைப் பற்றியும் காதலைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் ஒருசேரத் தவறாகப் பேசுகிறது. அதைவிட மோசமானது, ஒரு சமூகம் தான் செய்யத் தவறியதையெல்லாம் தனிமனிதர் ஒருவரின் முதுகுப்பையில் ஏற்றி அனுப்பிவிடுவது.

இந்தக் கற்பிதத்தின் ஊற்றுக்கண்ணைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 2007இல் வெளிவந்த 'ஜப் வி மெட்' திரைப்படம், மனமுடைந்த ஒருவனை இலக்கின்றி ரயிலேற்றி, அதே ரயிலில் அவனுடைய வருங்காலக் காதலியையும் ஏற்றிவிட்டது. 2013இன் 'யே ஜவானி ஹை தீவானி', படிப்பே கதியென்று கிடந்த கூச்சமுள்ள மருத்துவ மாணவியை மணாலிக்கு மலையேற அனுப்பி, சிரிப்பையும் காதலையும் கொடுத்துத் திருப்பி அனுப்பியது. இரண்டரை மணி நேரத்தில் அந்நியர் இருவரை நெருங்கவைக்க வேண்டிய திரைக்கதைக்கு இந்தக் குறுக்குவழி தேவைப்படலாம். வாழ்க்கைக்கு அப்படியொரு கால நெருக்கடி இல்லை. இந்த வரிசையில் தவறாமல் சேர்க்கப்படும் 2014இன் 'குயின்' உண்மையில் எதிர்த்தரப்பின் சாட்சி. திருமணம் முறிந்துபோன ராணி, தேனிலவுக்குப் போட்டிருந்த பயணத்தைத் தனியாகவே மேற்கொண்டு பாரிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போகிறாள். அங்கே அவளுக்குக் கிடைப்பவர்கள் நண்பர்கள். ஊர் திரும்பியதும் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தனியாகவே நடந்து போகிறாள்.

முதலில் கூச்சம் என்னும் சொல்லைக் கவனிக்கலாம். தமிழில் கண் கூசும், பல் கூசும், உடல் கூசும். அளவுக்கு மீறிய ஒளியையோ புளிப்பையோ தொடுகையையோ எதிர்கொள்ளும் புலன், ஒரு கணம் தன்னைச் சுருக்கிக்கொள்வதை அந்த வினை குறிக்கிறது. வடமொழியிலிருந்து வந்து தமிழில் 'சங்கோஜம்' என்று வழங்கும் சொல்லுக்கும் சுருங்குதல் என்பதே அடிப்படைப் பொருள். கண் கூசுகிறவரைக் குருடர் என்று எவரும் சொல்வதில்லை. விளக்கின் வெளிச்சத்தைச் சற்றுத் தணிக்கத்தான் பார்ப்பார்கள். மனிதர்களிடையே கூசுகிறவரை மட்டும் ஏதோ குறைபாடுள்ளவராகக் கருதி, இன்னும் கடுமையான வெளிச்சத்தில் கொண்டுபோய் நிறுத்துவதை மருத்துவம் என்று அழைப்பது எந்த வகையில் நியாயம்? மொழி தெரியாத ஊர், எட்டுப் பேர் படுக்கும் அறை, இரவு முழுக்கப் பாட்டு, அறிமுகமற்றவர் வட்டமாக அமர்ந்து ஒவ்வொருவராகத் தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டிய கட்டாயம் ஆகியவையெல்லாம் பேச்சு எளிதில் வருகிறவர்களுக்கென்று அமைக்கப்பட்ட மேடைகள். மூன்று இரவுகளில் கலைந்துவிடும் அந்தக் கூட்டத்தில், நான்காம் நாள்தான் முதல் வாக்கியத்தைச் சொல்லத் துணிகிறவருக்கு இடமே இல்லை.

மனித உறவு பற்றிய ஆய்வுகள் காட்டும் வழி வேறு. 1950இல் லியோன் ஃபெஸ்டிங்கரும் ஸ்டான்லி ஷாக்டரும் கர்ட் பாக்கும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பு ஒன்றைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். யார் யாருக்கு நண்பரானார் என்பதைத் தீர்மானித்ததில், கதவுகளுக்கு இடையிலிருந்த தொலைவுக்கும் மாடிப்படியும் அஞ்சல் பெட்டியும் அமைந்திருந்த இடத்துக்கும் பெரும் பங்கு இருந்தது. தினமும் எதேச்சையாக எதிர்ப்பட்டவர்கள் நண்பர்களானார்கள். 1968இல் ராபர்ட் ஸயான்ஸ், பொருளற்ற சொற்களையும் முகப் படங்களையும் திரும்பத் திரும்பக் காட்டி, பழக்கமே விருப்பத்தை வளர்க்கக்கூடும் என்று காட்டினார். காதலை முழுமையாக விளக்க இவை போதா. ஆனால் கூச்சமுடையவருக்குக் காதல் எங்கே சாத்தியம் என்ற கேள்விக்கு இவற்றில் ஒரு விடை இருக்கிறது. அன்றாடம் ஒரே மேசையில் அமரும் நூலகம், ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கும் விடுதி உணவகம், வாரந்தோறும் கூடும் வாசிப்பு வட்டம் போன்ற இடங்களில், எதையும் நிரூபிக்க வேண்டிய நெருக்கடியின்றி, முகம் பெயராகவும் பெயர் பேச்சாகவும் மாற அவகாசம் கிடைக்கிறது.

"அஞ்சுவதை எதிர்கொண்டால்தானே அச்சம் போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. உளவியலாளர்கள் கையாளும் முறை உண்மையில் அதுதான். ஆனால் படிப்படியாக, தாங்கக்கூடிய அளவில், கூட ஒருவர் துணையிருக்க. கடைக்காரரிடம் விலை கேட்பதிலும் வகுப்பில் ஒரு கேள்வி எழுப்புவதிலும் தொடங்குவது அது. அன்றாட வாழ்வையே முடக்கும் அளவுக்குச் சமூகப் பதற்றம் உள்ளவர் நாட வேண்டியது மருத்துவரை. பயண முகவரை அன்று.

இனி, தனியாகக் கிளம்பும் வாய்ப்பு யாருக்கு இருக்கிறது? 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, சந்தை, மருத்துவமனை, ஊருக்கு வெளியே என்ற மூன்று இடங்களுக்கும் தனியாகச் செல்ல அனுமதிக்கப்படும் பெண்கள், 15 முதல் 49 வயதினரில் 42 விழுக்காட்டினர் மட்டுமே. மருந்து வாங்கத் தனியாகப் போக முடியாத பெண்ணிடம் 'தனியே போய் உன்னைக் கண்டறி' என்று சொல்வதில் உள்ள குரூரம் சொல்பவர்களுக்கு உறைப்பதில்லை. பணக் கணக்கும் இப்படித்தான். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத முனைவர் பட்ட ஆய்வு மாணவருக்கான உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய் என்று 2012 வாக்கில் நிர்ணயிக்கப்பட்டது. அதை உயர்த்தக் கோரி மாணவர்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறார்கள். அந்தத் தொகையில் வீட்டுக்கும் அனுப்பிவிட்டு மீதியில் நூல் வாங்குகிறவருக்கு, பத்து நாள் மலைப்பயணம் ஓர் ஆண்டுச் சேமிப்பு. அதைச் செலவிட்டும் காதலின்றித் திரும்பினால், பணத்தோடு 'நான் எங்கு போனாலும் இப்படித்தான்' என்ற தீர்ப்பையும் சுமந்துகொண்டு வருகிறார். அறிவுரை பலிக்காதபோது அறிவுரையை எவரும் ஐயுறுவதில்லை; அதைக் கேட்டவர் தம்மையே ஐயுறுகிறார்.

இந்த அறிவுரையில் எப்போதும் விடுபட்டுப்போகும் இன்னொருவர் இருக்கிறார்: அந்தப் பயணத்தில் 'சந்திக்கப்பட' வேண்டியவர். காதலைத் தேடிக் கிளம்பும் இளைஞனின் கற்பனையில், தேநீர்க்கடையில் தனியாக அமர்ந்திருக்கும் பெண், மலையையும் அருவியையும் போல ஒரு காட்சியாகிவிடுகிறாள். அவளோ அந்த இடத்துக்கு வந்துசேர ஆயிரம் கேள்விகளுக்கு விடை சொல்லியிருப்பாள். பெண்களுக்கு மட்டுமான அறை இருக்கிறதா என்று பார்த்து, இருட்டுவதற்குள் வந்துசேரும் பேருந்தைத் தேர்ந்து, இருப்பிடத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பாள். நெருங்கி வரும் ஒவ்வோர் அந்நிய ஆணையும் எடைபோட வேண்டிய நிலையில் இருப்பவளிடம், 'துணிந்து போய்ப் பேசு' என்று பயிற்றுவிக்கப்பட்ட ஒருவனை அனுப்புவது இருவருக்கும் இழைக்கப்படும் அநீதி. அவன் தன் வாழ்நாள் துணிவையெல்லாம் திரட்டிச் சொல்லும் சொல், அவள் காதில் அன்றைய நாளின் இன்னொரு தொல்லையாக விழக்கூடும். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் தவறில்லை. அவனைத் தவறான இடத்துக்கு அனுப்பியவர்கள்தாம் பொறுப்பு.

சரி, வழியில் காதல் வாய்த்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த இருவரும் எங்கே திரும்புகிறார்கள்? பியூ ஆய்வு மையம் 2019–20இல் ஏறத்தாழ 30,000 இந்தியர்களிடம் நடத்திய ஆய்வில், தம் சமூகப் பெண்கள் சாதி கடந்து மணம் புரிவதைத் தடுப்பது மிக முக்கியம் என்று சொன்னவர்கள் 64 விழுக்காட்டினர். ஆண்களைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் 62 விழுக்காட்டினர். மதம் கடந்தவர்களாக இருந்தால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் காத்திருக்கிறது. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். திருமண அறிவிப்பைப் பதிவு அலுவலகத்தில் எல்லோரும் காண ஒட்டிவைத்து, எதிர்ப்புக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். அறிவிப்பை வெளியிடுவது மணமக்களின் விருப்பத்தைப் பொறுத்ததே என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்ன பின்னரும் சட்டத்தின் வாசகம் மாறவில்லை. திருமணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவது குற்றமன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தெளிவுபடுத்தியது; அறை தர மறுக்கும் விடுதிகள் இன்னும் இருக்கின்றன. தனிப்பயணிகளின் கனவூர்களான ரிஷிகேஷும் முசூரியும் அமைந்துள்ள உத்தராகண்டில், 2025 ஜனவரி 27 அன்று நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டம், மணம் புரியாமல் சேர்ந்து வாழ்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. தவறினால் மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். காதலைத் தேடி எந்த மலைக்குப் போகச் சொல்கிறார்களோ, அந்த மலையிலேயே காதலுக்கு விண்ணப்பப் படிவம் வைக்கப்பட்டிருக்கிறது.

பல்கலைக்கழகங்கள் இதில் பார்வையாளர்கள் அல்ல. கூச்சமுடைய இளையோர் தமக்கு ஏற்ற மெதுவான வேகத்தில் பழகிக்கொள்ளக்கூடிய அரிய வெளிகளுள் வளாகமும் ஒன்று. அந்த வெளியை நிர்வாகங்கள் எப்படி நடத்துகின்றன? மாலையானதும் பூட்டப்படும் பெண்கள் விடுதி, சேர்ந்து அமர்ந்தாலே எச்சரிக்கும் காவலாளி, மரத்தடிதோறும் கேமரா, ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டதற்காக வீட்டுக்குப் போகும் தொலைபேசி அழைப்பு ஆகியவையெல்லாம் பல வளாகங்களில் ஒழுக்கம் என்ற பெயரில் நடக்கின்றன. 2015இல் தில்லியில் தொடங்கிய 'பிஞ்ச்ரா தோட்' இயக்கம் விடுதிப் பூட்டை எதிர்த்து எழுந்தபோது, அதைக் கட்டுப்பாடற்ற சுதந்திரத்துக்கான பிடிவாதம் என்று ஒதுக்கியவர்களில் பேராசிரியர்களும் இருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு நூலகத்தில் இருப்பதற்கான உரிமை, படிப்புக்கான உரிமை மட்டுமன்று. தயங்கித் தயங்கி ஒருவரோடு ஒருவர் பழகுவதற்கான உரிமையும் அதில் அடக்கம். சரளமாகப் பேச வல்லவர்கள் பூட்டிய கதவையும் எப்படியோ தாண்டிவிடுவார்கள். கூச்சமுடையவர்களுக்குத்தான் கதவு திறந்திருப்பது அவசியம்.

இவற்றைச் சொல்வதால் தனிப்பயணத்தை இகழ்வதாகப் பொருளில்லை. 'ஊர்சுற்றிப் புராணம்' என்று தமிழில் வந்த நூலை எழுதிய ராகுல் சாங்கிருத்யாயன், ஊர்சுற்றுதலை ஓர் அறமாகவே உயர்த்திப் பிடித்தார். பெண்களும் ஊர்சுற்ற வேண்டும் என்று வாதிடத் தனி அத்தியாயமே எழுதினார். உலகைக் காணவும் அறியவும் கிளம்பச் சொன்ன குரல் அது. அந்தப் பொருளில் கூச்சமுடையவரைப் போலத் தேர்ந்த பயணி வேறு யார்? அவர் குறைவாகப் பேசுவார். நிறையப் பார்ப்பார், கேட்பார். ஹம்பியின் கற்களுக்கிடையே ஒரு பகல் முழுதும் யாரோடும் பேசாமல் நடந்துவிட்டு நிறைவோடு திரும்ப அவரால் முடியும். அந்த நாளின் முடிவில் 'யாரையாவது சந்தித்தாயா?' என்று கேட்டு, அதைத் தோல்வியாக மாற்றுவது அவருடைய பயணத்தைப் பறித்துக்கொள்வதாகும்.

எனவே காதல் வாய்க்காத இளையோரிடம் ரயில் அட்டவணையை நீட்டுவதற்கு முன், நீட்டுகிறவர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. ஆசிரியர்கள் தம் துறையின் கருத்தரங்க அறையை வாரம் ஒருமுறையேனும் மதிப்பெண்ணும் வருகைப்பதிவும் இல்லாத உரையாடலுக்குத் திறந்துவிடலாம். மாணவர் அமைப்புகள் விடுதிப் பூட்டையும் உதவித்தொகையையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் வைக்கலாம். சட்டம் பயில்வோர் 30 நாள் அறிவிப்பை நீக்கக் கோரி எழுதலாம், வாதாடலாம். நண்பர்களோ அந்த அறிவுரையை விடுத்து, கூச்சமுடையவரை மறுநாளும் அதே நேரத்துக்கு அதே தேநீர்க்கடைக்கு அழைக்கலாம். அவர் பேசத் தொடங்கும்வரை மௌனத்தை நிரப்பாமல் பொறுத்திருக்கலாம். இமயமலை அவருக்காகக் காத்திருக்கும். அவர் விரும்பும்போது, மலையைப் பார்ப்பதற்காகவே போகட்டும்.