காரணம் எழுத்தில் வேண்டும்!

ஏழையின் வீட்டுக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்த உதவிப்பணம் ஒரு மாதம் திடீரென நின்றுவிடுகிறது. முன்னறிவித்தல் இல்லை, கடிதம் இல்லை, காரணமும் இல்லை. வங்கியிற் கேட்டால், பணம் வரவில்லை என்ற மறுமொழி மாத்திரம் கிடைக்கிறது. கிராம அலுவலர் பிரதேச செயலகத்தைக் காட்டுகிறார். பிரதேச செயலகமோ, பட்டியல் கொழும்பிலிருந்து வந்தது, எமது கையில் ஒன்றுமில்லை என்று கைவிரிக்கிறது. ஒருநாட் கூலியை இழந்து, பஸ் கட்டணமுங் கொடுத்து, மூன்று வாசல் ஏறி இறங்கியபின், அந்த ஏழைத்தாய் தன் விதியை நொந்தபடி வீடு திரும்புகிறாள்.

அவளது அடுப்பு எரியாமைக்கு விதியைப் பழிப்பதிற் பயனில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில், யாரோ ஒருவரால், ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டிருக்கிறது. அத்தீர்மானத்துக்கு ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டும். அக்காரணத்தை எழுத்திற் கேட்டுப் பெறும் உரிமையை இந்நாட்டின் சட்டம் அவளுக்கு அளித்திருக்கிறது. இதை அவளும் அறியாள். அவளுக்கு அண்டை வீட்டில் வாழும் படித்தவர்களிற் பலரும் அறியார்.

அரசாங்கம் வறியோர்க்கு மாதந்தோறும் வழங்கிய சிறுதொகையை எம்மவர் "பிச்சைச் சம்பளம்" என்றே அழைத்து வந்தனர். எமது நோய் இப்பெயரிலேயே குடிகொண்டிருக்கிறது. பிச்சையென்று எண்ணிக் கை நீட்டியவர், அது நின்றுபோனால் ஏனென்று கேட்கத் துணிவாரா? ஆனால் இப்பணம் எவருடைய கைக்காசு? சீனி வாங்கும்போதும், மண்ணெண்ணெய் வாங்கும்போதும் ஏழையும் வரி கொடுக்கிறான். பொதுப்பணத்திலிருந்து சட்டத்தின்கீழ் வழங்கப்படும் உதவியைப் பிச்சை என்பது பெரும் பிழை.

இவ்வுதவிகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1942 ஆம் ஆண்டில், யுத்தகாலத்தில், அரிசிப் பங்கீடு வந்தது. 1953 இல் அரிசி மானியம் வெட்டப்பட்டு, 25 சதத்துக்குக் கிடைத்த கொத்தரிசி 70 சதமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடு ஹர்த்தாலிற் கொந்தளித்தது. சில வாரங்களிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1979 இல் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி நின்ற இடத்தில் நிற்க, கடைவிலைகள் ஏறிக்கொண்டே போயின. 1989 இல் ஜனசவிய, 1995 இல் சமுர்த்தி, 2023 இல் அஸ்வெசும எனப் பெயர்கள் மாறி வந்தன.

1953 இல் வெட்டு எல்லோர்மீதும் ஒருங்கே விழுந்தது, ஆகவே எல்லோரும் ஒருங்கே எழுந்தனர், அரசாங்கமே ஆடிற்று. இன்று வெட்டு வீடுவீடாக, ஆள் ஆளாக விழுகிறது. இந்த வீட்டிற் பணம் நின்றது அடுத்த வீட்டுக்குத் தெரிவதில்லை; தெரிந்தாலும், "அவர்களுக்கு ஏதோ வசதியிருக்கிறது போலும்" என்ற பேச்சே எழுகிறது. தனித்தனியே வெட்டப்படுவோருக்காகக் குரல் கொடுக்க எவருமில்லை. இந்த மௌனமே அதிகாரிகளின் பலம்.

அஸ்வெசும 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின்கீழ் நடைபெறுவது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டுநிலை, குடும்பநிலை ஆகிய ஆறு துறைகளில் 22 சுட்டிகளைக் கொண்டு ஒவ்வொரு குடும்பத்தின் வறுமையும் அளக்கப்படுகிறது. 2023 ஜூலையில் இது தொடங்கியபோது குடும்பங்கள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என உதவி வகுக்கப்பட்டது. முதல் இரண்டு வகுப்புகளுக்கும் குறுகிய காலக்கெடு விதிக்கப்பட்டது. அக்கெடு பின்னர் நீட்டப்பட்டதும் உண்டு. வறியோர்க்கும் மிக வறியோர்க்கும் உரிய தொகைகள் 2025 இல் 10,000 ரூபாவாகவும் 17,500 ரூபாவாகவும் உயர்ந்தன. 2023 இற் பெயர்ப்பட்டியல் வெளியானபோது இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன என்பதை நாடறியும்.

இவ்வளவுகோல் எமது மாவட்டங்களில் எவ்வாறு பிழைக்கக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். போரில் வீடிழந்தோர்க்கு இந்திய அரசின் உதவித் திட்டத்தின்கீழ் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள் எழுந்தன. கணவனை இழந்த பெண்ணொருத்தி அத்தகைய கல்வீட்டில் வாழ்கிறாள். சுவர் உண்டு, ஓடு உண்டு, பானையில் அரிசி இல்லை. வீட்டுநிலை பற்றிய சுட்டி சுவரைக் காணும், பானையைக் காணுமா?

பட்டியலைத் திருத்தவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. கட்சிக்காரரின் தயவாற் பெயர் பதிந்து, மாடிவீட்டில் இருந்துகொண்டு ஏழையின் பங்கை உண்டவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களை நீக்குவது நியாயமே. ஆனால் நீக்கப்படுபவர் தகுதியற்றவரென்றால், அதை அவருக்கு எழுத்திற் சொல்வதற்கு அரசாங்கம் ஏன் அஞ்சவேண்டும்? தகுதியுள்ளவரென்றால், பிழையைத் திருத்துவதற்கும் அந்தக் காரணமே துணை செய்யும். காரணந் தெரியாத மேன்முறையீடு கண்ணைக் கட்டிக்கொண்டு வீசிய கல்.

ஆகவே, பணம் நின்றதும் செய்யவேண்டியவை எவை?

முதலில், பணம் எங்கே தடைப்பட்டதென்று அறியவேண்டும். வங்கிக் கணக்கிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் பொருந்தாமை, கணக்குடையவர் இறந்தமை, குடும்பம் வேறு பிரிவுக்குக் குடிபெயர்ந்தமை ஆகியவற்றாற் பணம் நின்றிருந்தால், ஆவணங்களைக் காட்டி அதைத் திருத்திக்கொள்ளலாம். பட்டியலிலிருந்தே பெயர் நீக்கப்பட்டிருந்தால் வழி வேறு.

அப்போது பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் ஒரு கடிதங் கொடுக்கவேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, கடைசியாகப் பணம் பெற்ற மாதம், எவ்வகுப்பில் இருந்தவர், எவரால் எத்திகதியில் எக்காரணத்தால் நிறுத்தப்பட்டது என்ற கேள்வி ஆகிய இவ்வளவும் போதும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு, ஒரு தீர்மானத்தாற் பாதிக்கப்பட்டவர் கேட்குமிடத்து, அதற்கான காரணங்களை எழுத்திற் கொடுக்கவேண்டுமெனப் பொது அதிகாரிகளைக் கட்டுப்படுத்துகிறது. அதே சட்டத்தின்கீழ்த் தகவல் கோருவோர்க்கு 14 வேலைநாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படவேண்டும். எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கேட்டுப் பெறுங்கள். பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும்; திகதியிட்ட காகிதம் நின்று பேசும்.

காரணம் கையில் வந்தபின் மேன்முறையீட்டை அக்காரணத்துக்கு நேராக எழுதவேண்டும். தகவல் மறுக்கப்பட்டால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். ஒரே நிலையிலுள்ள இருவரில் ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுக்கும் பாரபட்சம் காணப்படின், அது அடிப்படை உரிமை பற்றிய விடயமாகும். அத்தகைய வழக்கை ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் இக்கணக்கிற் சேராது. வழக்குரைக்கப் பணமில்லாதோர்க்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நாட்களை வீணே கழிப்பவர் உரிமையையும் கழித்துவிடுவார்.

கடிதம் தமிழில் இருக்கட்டும். பதிலும் தமிழில் வரட்டும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழிற் கருமமாற்றித் தமிழிற் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் எம்மவர் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்து அடிபட்டது எதற்காக? அந்த வாயிலைக் கடந்து செல்லும் ஏழைத் தமிழன், தன் மொழியிற் கேட்டுத் தன் மொழியில் விடைபெற வேண்டும் என்பதற்காகவன்றோ! ஏட்டில் வந்த உரிமை, ஒரு விதவையின் உதவிப்பணக் கடிதத்திற் பயன்படாவிடின், அது எவருக்கு வந்த உரிமை?

இங்கே எமது படித்த வர்க்கத்தாரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தான் கல்விக்குப் பெயர் பெற்றவன். தலைமுறை தலைமுறையாக அரசாங்கக் கந்தோர்களில் எழுதுவினைஞனாய் இருந்து கோவைகளை நிரப்பியவன். ஓய்வுபெற்ற எழுதுவினைஞரும், ஆசிரியரும், சட்டத்தரணியும் இல்லாத ஊர் எம்மிடையே அரிது. தமது ஓய்வூதியம் ஒரு வாரம் பிந்தினால் எங்கே எழுதவேண்டும், எவரைக் கேட்கவேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை ஏழையின் வீட்டுப் படலைவரை கொண்டுசெல்வதற்கு என்ன தடை?

ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. ஞாயிறு காலையில் இரண்டு மணிநேரம், எழுதத் தெரிந்த இருவர் அங்கே அமர்ந்தாற் போதும். உதவி நின்றோரின் பெயர்களை ஒரு கொப்பியிற் பதியுங்கள், கடிதங்களை எழுதிக் கொடுங்கள், திகதிகளை நினைவூட்டுங்கள். கமக்காரர் அமைப்புகளும் இதற்குத் தோள் கொடுக்கலாம். மழை பொய்த்தோ வெள்ளம் வந்தோ ஒரு போகம் அழிந்தால், இன்று தன்னிறைவோடு இருக்கும் கமக்காரனும் நாளை அதே வரிசையில் நிற்கவேண்டியவனே. பத்துப்பேர் ஒரே காரணத்தால் நீக்கப்பட்டிருப்பது அக்கொப்பியில் வெளிப்படுமானால், அது தனிமனிதர் குறையென்ற நிலை மாறி ஊரின் குறையாகிவிடும். பாராளுமன்ற உறுப்பினரும் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. உதவியை நிறுத்துமுன் காரணத்தைக் காட்டித் தமிழில் அறிவித்தல் அனுப்புக. உரிய காலத்தில் மேன்முறையீடு செய்தவருக்கு, அது தீர்க்கப்படும்வரை பணத்தை நிறுத்தாதிருக்குக. பிழை அரசாங்கத்துடையதென்று கண்டால், நின்ற மாதங்களின் தொகையையுஞ் சேர்த்துக் கொடுக்குக.

இவை சட்டமாகும்வரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. கேட்பதற்கு வேண்டிய சட்டம் இப்போதே இருக்கிறது. உங்கள் ஊரில் இம்மாதம் எவருக்குப் பணம் நின்றதென்று விசாரித்து, முதற் கடிதத்தை இவ்வாரமே எழுதுங்கள்.