சொந்த மடிக்கணினி எனும் மறைமுகக் கட்டணம்

மாணவர்கள் சொந்த மடிக்கணினியைப் பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்பது சலுகையாகத் தோன்றும். பொருளியல் கற்பித்தவனாகிய நான், பள்ளியின் மூலதனச் செலவைப் பெற்றோர் தலையில் ஏற்றும் ஏற்பாடாகவே அதைக் காண்கிறேன். ராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாளிக்கும் அது பெயரில்லாத கல்விக் கட்டணம்.

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கும் அக்கருவியைச் சொந்தமாக்கியது. 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கை அறிவித்த 20 லட்சம் கருவிகளோ கல்லூரி மாணவர்களுக்கு உரியவை. ஏற்றத்தாழ்வு அதற்கு முன்பே, பள்ளி வகுப்பறையிலேயே வேரூன்றிவிடுகிறது.

பிளஸ் ஒன் வகுப்பிலேயே அரசு கருவி வழங்க வேண்டும். அதுவரை, இல்லாதவர்களுக்குப் பள்ளியே இரவல் தர வேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில், அந்த அனுமதி வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே ஆனதாகும்.