தரவு மட்டும் போதுமா?

2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையை வெள்ளம் சூழ்ந்தது. அப்போது கைகொடுத்தது அரக்கோணம். அங்குள்ள ஐ.என்.எஸ். இராஜாளி கடற்படை விமானத்தளத்திலிருந்து பயணியர் விமானங்கள் புறப்பட்டன. ஓடுபாதை, கட்டுப்பாட்டுக் கோபுரம், பயிற்சி பெற்ற பணியாளர் ஆகிய யாவும் ஒருங்கே அமைந்திருந்தமையால்தான் சில நாள்களில் இது இயன்றது. வெற்று நிலம் மட்டும் இருந்திருப்பின், வெள்ளம் வடியும்வரை அது வெற்று நிலமாகவே கிடந்திருக்கும்.

அலுவலகங்களையும் மருத்துவமனைகளையும் தாங்கி நிற்கும் கணினிச் சேவையகங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். அவற்றுக்குக் காப்பு நகல் எடுக்கும் முறைகள் இரண்டு. கோப்புகளையும் தரவுத்தளத்தையும் மட்டும் படியெடுப்பது ஒன்று. இயக்க அமைப்பு, மென்பொருள்கள், அமைப்பு விவரங்கள், தரவுகள் ஆகிய அனைத்தையும் ஒரே படிமமாகப் பதிவது மற்றொன்று. முன்னது சிறியது, நாள்தோறும் எடுக்க எளியது. பின்னது பெரியது, ஆயினும் பழுதுற்ற சேவையகத்தை விரைவில் பழைய நிலைக்குக் கொணர வல்லது.

தரவு இருந்தால் போதும் என்பார் உளர். 2022 நவம்பர் 23 அன்று புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சேவையகங்களை ஒரு தீநிரல் தாக்கியது. ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நல்வாய்ப்பாக, பாதிப்புறாத காப்புச் சேவையகம் ஒன்றிலிருந்து மின்மருத்துவமனைத் தரவுகள் மீட்கப்பட்டன. எனினும், நோயாளர் பதிவு முதலான பணிகள் பெரும்பாலும் சீராக இரண்டு வாரங்கள் ஆயின. அதுவரை மருத்துவமனை தாளையும் எழுதுகோலையும் நம்பி இயங்கியது. தரவு பிழைத்தது, ஆனால், புதிய சேவையகங்களை நிறுவிப் பணியைத் தொடங்கக் காலம் தேவைப்பட்டது. தரவைக் காத்தல் வேறு, பணியைக் காத்தல் வேறு.

அவ்வாறெனில், முழுப் படிமமே போதுமா? போதாது. படிமம் உள்ளதை உள்ளவாறே பதியும். மறைந்திருக்கும் தீநிரலையும் சேர்த்தே பதியும். மாறுபட்ட வன்பொருளில் அது இயங்க மறுக்கவும் கூடும். மாதம் ஒருமுறை எடுத்த படிமத்தை மட்டும் நம்பினால், இடைப்பட்ட நாள்களின் பதிவுகள் அழிந்துபோகும்.

ஆகவே, இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. தரவு நகலை நாள்தோறும் எடுத்தல் வேண்டும். படிமத்தை மென்பொருளிலோ அமைப்பிலோ மாற்றம் செய்யும்போதெல்லாம் எடுத்தல் வேண்டும். ஒரு நகலேனும் வலையமைப்போடு இணையாமல் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். இவற்றுக்குச் செலவு மிகும் என்பது உண்மையே. எனவே, ஒருநாள் நின்றாலும் மக்கள் துன்புறும் சேவையகங்களுக்குப் படிமத்தை முதலில் எடுக்கலாம். மற்றவற்றுக்குத் தரவு நகலோடு, மீண்டும் நிறுவும் முறையை எழுதி வைப்பது போதும்.

நகலை எடுப்பதோடு கடமை முடிவதில்லை. 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, வழக்கமான காப்பு முறைகள் கைவிட்டன. ஏறத்தாழ ஆறு மணிநேரத் தரவு இழக்கப்பட்டது. மீட்டுப் பார்க்காத நகல் வெறும் நம்பிக்கையே.

அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது படைப்பிரிவு இருக்கிறது. அவ்வீரர்கள் வெள்ளம் வந்தபின் படகோட்டக் கற்பதில்லை. சேவையகங்களைக் காப்போரும் பழுது நேருமுன்னரே மீட்டுப் பழக வேண்டும்.