தேடுவது நாலு பேர், கிடைப்பது ஒரே லிங்க்!

ஒரு வீட்டில் அப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மகன் சென்னையில், மகள் பெங்களூரில், மருமகன் துபாயில், சித்தப்பா மதுரையில். அன்று இரவே வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்து விடுவார்கள். நாலு பேரும் கூகுளில் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளை டைப் செய்வார்கள். முதல் பக்கத்தில் வந்த அதே லிங்கை நாலு பேரும் குரூப்பில் போடுவார்கள். நடுநடுவே குட்மார்னிங் படங்கள் வேறு. மூன்றாம் நாள், "இன்ஷூரன்ஸ் எவ்வளவு கிடைக்கும் என்று யாராவது பார்த்தீர்களா?" என்று மகள் கேட்டால் பதில் வராது. மற்றவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள்.

இதைத்தான் நாம் "எல்லாரும் சேர்ந்து தேடினோம்" என்கிறோம். என்னைக் கேட்டால், தனித்தனியே தேடியதை ஒரே இடத்தில் கொட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். பிரவுசர், சர்ச் என்ஜின் இரண்டுமே ஒரு ஆள், ஒரு கீபோர்டு என்ற கணக்கில் உருவானவை. பக்கத்து ஆள் என்ன தேடினார் என்பது அவற்றுக்குத் தெரியாது.

மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த மெரிடித் ரிங்கல் மோரிஸ் 2006-ல் அந்த நிறுவன ஊழியர்கள் 204 பேரிடம் இது பற்றிக் கேட்டார். பாதிக்கு மேற்பட்டவர்கள், மற்றவருடன் சேர்ந்து இண்டர்நெட்டில் தேடியிருப்பதாகச் சொன்னார்கள். எப்படித் தேடினார்கள்? பக்கத்தில் நின்று ஸ்கிரீனை எட்டிப் பார்த்தும், லிங்கை மெயிலில் அனுப்பியும்தான். சாப்ட்வேர் கம்பெனியிலேயே நிலைமை இதுதான்!

அடுத்த ஆண்டு அவரும் எரிக் ஹார்விட்ஸும் சேர்ந்து "சர்ச்-டுகெதர்" என்ற சாப்ட்வேரை உருவாக்கினார்கள். பிறகு அது இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 7-க்கான பிளக்-இன் ஆகவும் வெளிவந்தது. குழுவில் யார் யார் என்னென்ன வார்த்தை கொடுத்துத் தேடினார்கள் என்ற பட்டியல் அதில் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால், உங்களுக்கு முன் அதைப் பார்த்தவர் யார், நல்லது என்றாரா, தேறாது என்றாரா என்பதும் தெரியும். தேடலில் வந்த முடிவுகளைச் சீட்டுக்கட்டு போல ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கும் வசதியும் உண்டு. ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும் எல்லாம் அப்படியே இருக்கும்.

நல்ல சாப்ட்வேர்தான். ஆனால் பரவவில்லை. குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அதை இன்ஸ்டால் செய்ய வேண்டும். சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் பிளக்-இன் போடுவதற்குள் ஆபரேஷனே முடிந்துவிடும். அது ஏறி உட்கார்ந்த எக்ஸ்புளோரருக்கும் 2022-ல் மைக்ரோசாப்ட் ஓய்வு கொடுத்துவிட்டது. கூகுள் நோட்புக் 2006-ல் வந்தது, 2009-ல் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டார்கள். தேடலையும் நட்பையும் சேர்த்த மைக்ரோசாப்டின் "சோஷல்" 2012-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு 2017-ல் மூடப்பட்டது.

ஒரே கம்ப்யூட்டர் முன்னால் நாலு பேர் உட்கார்ந்தால்? பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளில் பிரவுசிங் சென்டருக்குப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ராஜா. மற்றவர்கள் "கீழே போ, கீழே போ" என்று கத்தலாம். 2008-ல் சலீமா அமெர்ஷியும் மோரிஸும் வெளியிட்ட "கோ-சர்ச்" இதற்காகத்தான் வந்தது. ஒரே கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு மவுஸ், அல்லது ஆளுக்கொரு செல்போன். எட்டிப் பார்ப்பவருக்கும் தேடலில் ஒரு கை கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. அமெரிக்காவில் பாலோ ஆல்ட்டோவில் இருந்த ஃபியூஜி ஜெராக்ஸ் ஆய்வுக்கூடம் 2008-ல் வெளியிட்ட "செர்கியாமோ". இதில் இரண்டு பேருக்கு இரண்டு வேலை. ஒருவர் புதிது புதிதாக வார்த்தைகளைக் கொடுத்து, புது இடங்களில் துழாவிக்கொண்டே போவார். இன்னொருவர், வந்த முடிவுகளைப் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்து உதவும், உதவாது என்று குறிப்பார். அந்தக் குறிப்புகளை வைத்து, அடுத்து எந்த வார்த்தையைத் தேடலாம் என்று சாப்ட்வேர் முதல் ஆளுக்கு யோசனை சொல்லும். முதல் ஆள் திறந்துவிட்டுப் பார்க்காமல் போனதை எடுத்து இரண்டாம் ஆள் முன்னால் வைக்கும்.

நம் வீடுகளிலும் இந்த இரண்டு ரகமும் இருக்கிறார்கள். பத்து டேப் திறந்துவிட்டு ஒன்றையும் முழுதாகப் படிக்காத இளைஞர் ஒருவர். ஒரே பக்கத்தை அடிக்குறிப்பு வரை படிக்கிற ரிட்டயர்ட் ஆசாமி ஒருவர். இருவரையும் ஒரே வேலையைச் செய்யச் சொல்வதுதான் தப்பு.

வார்த்தைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்கலாம். "மூட்டு மாற்று ஆபரேஷன் செலவு" என்று தேடிப் பாருங்கள். ஆஸ்பத்திரி விளம்பரங்கள் வரிசை கட்டும். ஆனால் முழங்காலில் வைக்கும் செயற்கை மூட்டுக்கு, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விலை நிர்ணயித்தது. "உச்சவரம்பு விலை" என்ற சொல் தெரிந்தவர் தேடினால் அரசு அறிவிப்பு கிடைக்கும். அது தெரியாத மற்ற மூவரும் விளம்பரத்திலேயே சுற்றிக் கொண்டிருப்பார்கள். அவர் வெறும் லிங்கை அனுப்பினால் மற்றவர்களுக்குக் கிடைப்பது ஒரு பக்கம். தேடிய வார்த்தையையும் சேர்த்து அனுப்பினால், அதை வைத்து அவர்கள் அடுத்த பத்துப் பக்கத்தைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

அதேபோல் கிடைக்காததையும் சொல்ல வேண்டும். "இந்த ஆஸ்பத்திரி வெப்சைட்டில் கட்டண விவரம் இல்லை, போனில்தான் கேட்க வேண்டும்" என்று ஒருவர் எழுதி வைத்தால் மூன்று பேருக்கு அரை மணி நேரம் மிச்சம். இதை யாரும் எழுதுவதில்லை. கிடைக்காததைச் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

2012-ல் மோரிஸ் மறுபடி 167 பேரிடம் விசாரித்தார். சேர்ந்து தேடுகிறவர்கள் அதிகமாகியிருந்தார்கள். ஆனால் அதற்கென்று செய்த சாப்ட்வேரை அவர்கள் நாடவில்லை. கையில் இருக்கிற போன், மெசேஜ், சோஷியல் நெட்வொர்க் இவற்றையே பயன்படுத்தினார்கள். எனவே புது சாப்ட்வேருக்காகக் காத்திருக்காதீர்கள். கூகுள் ஷீட்ஸில் ஒரு பைலைத் திறந்து, யார், எந்தத் தேதி, தேடிய வார்த்தை, பார்த்த இடம், கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை என்று ஐந்து கட்டம் போடுங்கள். லிங்கைக் குரூப்பில் போட்டு பின் செய்துவிடுங்கள். மேலே, விடை தெரிய வேண்டிய கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பெயர் போடுங்கள். பெயர் இல்லாத கேள்விக்குக் கடைசிவரை விடை வராது.

சினிமா டிக்கெட்டுக்கெல்லாம் இது வேண்டாம். பணமோ உடம்போ படிப்போ சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு மட்டும் போதும்.

இப்போது பலரும் சாட்ஜிபிடி, ஜெமினி என்று கேட்டு, வந்த பதிலை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள். கேள்வி இல்லாத பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்பாவின் வயதையும் சர்க்கரை நோயையும் சொல்லிக் கேட்டாரா, பொதுவாகக் கேட்டாரா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். கேள்வியையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு, மறைக்கவில்லை. ஒருவர் தேடும் வார்த்தை அவருடைய பயத்தையும் காட்டிக் கொடுக்கும். ஆபரேஷனில் உயிருக்கு ஆபத்து உண்டா என்று மகள் ராத்திரி ஒரு மணிக்குத் தேடியிருப்பாள். அதை அம்மா பார்க்கும் பட்டியலில் எழுத அவளுக்கு மனம் வராது. எழுத வேண்டியதுமில்லை. தேடியதெல்லாம் தானாகவே எல்லாருக்கும் தெரிவதைவிட, எதை எழுதுவது என்று நாமே முடிவு செய்யும் ஷீட் இந்த விஷயத்தில் மேல்.

ஷீட்டை ஷேர் செய்யும்போது, லிங்க் உள்ள எவரும் திறக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவரின் மெயில் முகவரியையும் தனித்தனியே சேருங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் நகல், பாலிசி எண் எல்லாம் அதில் ஏறத் தொடங்க இரண்டு நாள் போதும்.