ரேடியோவுக்கு லட்சம், எர்த்துக்கு பூஜ்யம்!

மழைக்காலம் வந்தால் கிராமப்புற வயர்லெஸ் இன்டர்நெட் கம்பெனிக்காரர்களிடம் ஒரு பல்லவி தயாராக இருக்கும். "இடி விழுந்திருச்சு சார், என்ன பண்றது?" கோடைக்கு வேறு பல்லவி. "கரண்ட் இல்ல சார், நாங்க என்ன பண்றது?" ஆக, வருடம் பூராவும் பழி வானத்தின் மேலும் கரண்ட் ஆபீஸ் மேலும்தான். தங்கள் மேல் மட்டும் கிடையாது!

உண்மையான குற்றவாளி டவருக்குக் கீழே ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கிறார். திறந்து பாருங்கள். ஒரு வீட்டு இன்வெர்ட்டர், கிழடு தட்டிய ஒரு பேட்டரி, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் நான்கைந்து அடாப்டர்கள். ரெண்டு பின் சாக்கெட்டில் நுழையவில்லை என்று எர்த் பின்னை ஒடித்துப் போட்ட ஒரு பிளக். உச்சியில் இருக்கும் ரேடியோவோ வெளிநாட்டுச் சரக்கு!

கிராமத்துக் கரண்ட் மோசம்தான், அதை யாரும் மறுக்கவில்லை. எவ்வளவு மோசம் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கண் மையங்களோடு வைஃபை மூலம் இணைத்தது கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு. கிராமத்து நோயாளி மையத்தில் உட்கார்ந்தபடியே தேனியில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் கண்ணைக் காட்டலாம். அந்தக் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், 230 வோல்ட் வரவேண்டிய லைனில் 1000 வோல்ட் வரை எகிறும் ஸ்பைக்குகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். கணினித் துறையில் பெயர் பெற்ற எரிக் ப்ரூவர் போன்றவர்கள் இருந்த குழு அது. ஆனாலும் அவர்களைப் படாத பாடு படுத்தியவற்றில் முக்கியமானது சாஃப்ட்வேர் அல்ல, கரண்ட்! அவர்கள் கண்டுபிடித்தது இதுதான்: கிராமத்தில் கரண்டின் உண்மையான விலை மீட்டரில் ஓடும் யூனிட் விலை அல்ல, அந்தக் கரண்டைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு.

இந்த ஒரு வரியை ஒவ்வொரு கம்பெனி முதலாளியும் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டவேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். ரெண்டு மூன்று ரேடியோ, ஒரு ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன சைட் 40 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் 100 ஏ.ஹெச். பேட்டரியில் இருப்பது 1200 வாட்-மணி. லெட் ஆசிட் பேட்டரி நீடித்து உழைக்கவேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது. மிச்சம் 600. நேரடியாக டிசி-யில் ஓட்டினால் 15 மணி நேரம், இடையில் ஒரு கன்வெர்ட்டர் தின்பதைக் கழித்தாலும் 13 மணி நேரம் ஓடும். இதையே இன்வெர்ட்டர் வழியாக 230 வோல்ட்டுக்கு ஏற்றி, அடாப்டர் வழியாக மறுபடி 24-க்கு இறக்கினால்? இன்வெர்ட்டர் தன் வயிற்றுக்கே 15, 20 வாட் எடுத்துக்கொள்ளும். 10 மணி நேரம் தாண்டாது. டிசி-யை ஏசி ஆக்கி, அதைத் திரும்ப டிசி ஆக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. பெரிய டெலிபோன் கம்பெனிகள் காலங்காலமாக 48 வோல்ட் டிசி-யில் எக்ஸ்சேஞ்சையும் டவரையும் ஓட்டுவது சும்மா இல்லை.

அடுத்தது பேட்டரி இறங்கும்போது நடக்கும் கூத்து. வோல்டேஜ் 11-க்குக் கீழே நழுவும்போது ரவுட்டர் சாகவும் சாகாது, வாழவும் வாழாது. தொங்கிக்கொண்டு நிற்கும். சில சமயம் மெமரியில் இருப்பதும் கெட்டுப்போகும். கரண்ட் வந்த பிறகும் எழுந்திருக்காது. ஒருவர் பைக்கில் 30 கிலோமீட்டர் போய் ஸ்விட்சை அணைத்துப் போட்டுவிட்டு வரவேண்டும்! 11.5 வோல்ட்டில் சுத்தமாக வெட்டி, பேட்டரி தேறியதும் மறுபடி இணைக்கும் ஒரு சின்ன சர்க்யூட் இருந்தால் இந்தப் பயணமே வேண்டாம். தேனிக் குழு தாங்களே செய்த பவர் கன்ட்ரோலரில் இதையும் வைத்தார்கள்.

இடி? நேராக டவரில் விழும் இடியைத் தடுக்க முடியாது, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பக்கத்தில் எங்கோ விழும் இடிகூட டவரில் இறங்கும் நெட்வொர்க் கேபிளில் வோல்டேஜைக் கிளப்பிவிடும். அதற்கு ஷீல்டு உள்ள கேபிள், மேலே ஒன்று கீழே ஒன்று என சர்ஜ் புரொடெக்டர், எல்லாம் போய்ச் சேர ஒரே எர்த். டவருக்கு ஒரு எர்த், ரூமுக்குத் தனி எர்த் என்று விட்டால் இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ரேடியோ வழியாகத்தான் பாயும். கரியும் உப்பும் போட்டுக் குழி எடுத்து, கோடையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் தீரும் வேலை இது.

"மாசம் சில நூறு ரூபாய்க்கு இவ்வளவு கட்டுப்படியாகுமா?" என்பார்கள். கட்டுப்படியாகாதது போலத் தெரிவதற்குக் காரணம் பேரேடு. எரிந்த ரேடியோ 'பழுது பார்ப்பு' தலைப்பில் போகிறது. பெட்ரோல் 'போக்குவரத்து'. ஆயுள் முடியும் முன்பே செத்த பேட்டரி 'தேய்மானம்'. சலித்துப்போய் விலகிய வாடிக்கையாளருக்குத் தலைப்பே கிடையாது. நாலையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டினால் எர்த் குழியின் விலை சில்லறையாகத் தெரியும்.

"கரண்ட் போனா கஸ்டமர் வீட்லயும் கரண்ட் இருக்காதே, அப்புறம் எதுக்கு பேக்கப்?" இது அடுத்த சமாதானம். அந்த டவர் அந்த ஊருக்கு மட்டுமா? அதைத் தாண்டி மூன்று ஊருக்கு அங்கிருந்துதான் இணைப்பு போகிறது. அங்கே கரண்ட் இருக்கிறதே!

அந்த மூன்றாவது ஊரில் கண்ணில் புரை விழுந்த ஒரு பாட்டி டாக்டர் முகம் திரையில் வரும் என்று காத்துக்கொண்டிருக்கலாம். கடைசி நாளில் விண்ணப்பம் அனுப்ப ஒரு பையன் உட்கார்ந்திருக்கலாம். அவர்களிடம் போய் "இடி விழுந்திருச்சு" என்று சொல்வதற்கு முன்னால் அந்தத் தகரப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். இடி எங்கே விழுந்தது என்பது அப்போது தெரியும்...